குனியும் திசை

"கையை மேல தூக்குங்க, எஜே."

"தூக்கிட்டேன்."

"இது தூக்கினதா? பஸ்ஸை நிறுத்தக் கை காட்டற மாதிரி இருக்கு."

"நான் நிறுத்தறவ இல்லம்மா, ஓட்டறவ. இதுக்கு மேல அது போக மாட்டேங்குது."

மருத்துவமனையின் பயிற்சி அறையில் நடந்த பேச்சு இது. கேட்டவள் டமீரா, தலைநகர் பிஷ்கெக்கில் படித்துவிட்டு அந்த வசந்தத்தில்தான் வேலைக்கு வந்த பெண். கையைத் தூக்க முடியாமல் நின்றவள் உல்கான். வயது ஐம்பத்தொன்று. எங்கள் ஊரின் நாலாம் நம்பர் டிராலிபஸ்ஸை இருபத்து மூன்று வருடமாக ஓட்டுகிறவள். அவள் வண்டியில் ஏறாதவர்கள் ஊரில் இல்லை. அதனால் ஊர் முழுவதற்கும் அவள் எஜே, அக்கா.

டமீரா அவள் தோளுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"இங்க ஏதாவது தெரியுதா?"

"அங்க ஒண்ணு இருக்குங்கறதே இப்பத்தான் தெரியுது."

"அதான் விஷயம். முன்பக்கத் தோளு நாள் பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சு உழைக்குது. பின்பக்கத் தோளு இருபத்து மூணு வருஷமா தூங்குது. கொம்பு கழண்டா கயித்தை யாரு இழுக்கணும்? இந்தத் தூங்குமூஞ்சிதான் இழுக்கணும்."

டிராலிபஸ்ஸின் தலையில் இரண்டு நீளக் கம்பங்கள் உண்டு. மேலே போகும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடும். அவற்றைத்தான் நாங்கள் கொம்பு என்போம். திருப்பத்தில் கொஞ்சம் அசந்தால் கொம்பு கம்பியை விட்டு நழுவும், வண்டி செத்து நிற்கும். ஓட்டுநர் இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து, கொம்பை மறுபடி கம்பியில் மாட்ட வேண்டும். போன மாதம் சந்தைத் திருப்பத்தில் உல்கான் இறங்கினாள், கயிற்றைப் பிடித்தாள், கை வரவில்லை. தர்பூசணி விற்கிறவன் வந்து மாட்டிக் கொடுத்தான். செய்தி அன்று சாயங்காலமே பணிமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"நாப்பது நாள்ல மருத்துவ வாரியம், எஜே. கை சரியில்லைன்னு எழுதினா உங்களை எங்க அனுப்புவாங்க?"

"கழுவற கொட்டகைக்கு. அடுத்தவ ஓட்டிட்டு வர்ற வண்டியை நான் குழாய் பிடிச்சுக் கழுவணும்."

"அப்ப குனியுங்க."

குனிந்தாள். டமீரா அவளிடம் கைக்கு ஒன்றாக இரண்டு கிலோ டம்பெல்களைக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து மடங்க வேண்டும், முதுகு பலகை மாதிரி, முழங்கை லேசாக வளைந்து. இரண்டு கையையும் பறவை இறக்கை விரிக்கிற மாதிரி பக்கவாட்டில் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து முறை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் பதினைந்து. அப்புறம் இன்னும்.

"தோளைக் காதுக்கு ஏத்தாதீங்க. கனமா தூக்கவும் வேணாம். வீசாதீங்க. பின்னாடி தோள்பட்டை எலும்பு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கற மாதிரி."

"இவ்வளவுதானா? இதை நான் வீட்டுலயே செஞ்சுக்கறேன்."

டமீரா மேசையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தாள். அதில் பன்னிரண்டு கட்டங்கள்.

"வீட்டுல செஞ்சா கை சரியாயிடும், எஜே. அட்டை சரியாகாது. ஒவ்வொரு கட்டத்துலயும் உடற்பண்பாட்டு மாளிகையோட முத்திரை வேணும். வாரியம் அதைத்தான் பாக்கும்."

"கையைப் பாக்க மாட்டாங்களா?"

"நான் வந்து நாலு மாசம்தான் ஆகுது. இதுவரைக்கும் யாரும் பாத்து நான் பாக்கல."

*

நகர உடற்பண்பாட்டு மாளிகை மல்யுத்த வீரர்களுக்காகக் கட்டியது. வெளியே ஆறு தூண்கள். உள்ளே இயக்குநர் தோலோன் அசானோவிச்சின் அறை, அதைவிடச் சின்னதாக ஒரு எடைப்பயிற்சிக் கூடம். பயிற்சியாளர் எர்லான் நல்ல பையன். முன்னாள் மல்யுத்தக்காரன், காது இரண்டும் நசுங்கிய கொழுக்கட்டை மாதிரி இருக்கும், மனசு நசுங்காமல் இருந்தது.

முதல் நாள் உல்கான் குனிந்தாள். ஒன்று, இரண்டு என்று எர்லான் எண்ணினான். எட்டு என்றபோது கதவு திறந்தது. துணை மேயரும், அவருக்குப் பின்னால் ஆய்வுக்கு வந்த ஏழு பேரும் உள்ளே வந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து உல்கான் இயக்குநர் அறையில் நின்றாள்.

"உக்காருங்க. இல்ல, நில்லுங்க. நீங்க எட்டாவது தடவை கையை விரிச்சப்ப கதவு திறந்துச்சு. உள்ள வந்தவரு முதல்ல பாத்தது எதை?"

"என்னை."

"உங்களோட எதை?"

உல்கான் சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா, வாயால சொல்லக்கூட முடியல. அதைத்தான் அவரு பாத்திருக்காரு. எட்டு பேர் வரிசையா நின்னு பாத்திருக்காங்க. இந்த மாளிகையோட முகமா நான் இருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன், உல்கான். இன்னிக்கு அது மாறிப்போச்சு."

"குனிஞ்சாத்தானே பைக்கே அந்தத் தசை வேலை செய்யும்?"

"பைக்கேன்னு வீட்டுல கூப்பிடுங்க. இங்க நான் அண்ணன் இல்ல, தோலோன் அசானோவிச். குனியறதை நான் தடுக்கல. நான் குனிஞ்சு குனிஞ்சுதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். யார் பக்கம் பாத்துக் குனியறோங்கறதுதான் கேள்வி."

வீட்டில் விருந்தாளி உட்காரும் இடத்தின் பக்கம் காலைக்கூட நீட்டாத சனம் நாங்கள். அதனால் உல்கானுக்கும் அவர் சொன்னது முழுக்கத் தப்பாகப் படவில்லை. தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் கதவைப் பார்த்துக் குனிந்தாள். மூன்றாவது எண்ணிக்கையில் எர்லான் ஓடி வந்தான்.

"எஜே, எஜே! நிமிருங்க! பின்னாடி யாரு இருக்கா பாருங்க."

பின்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மேயர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி. அவரையே பாத்துக் குனியறேன்."

"அது கும்பிடற மாதிரி ஆயிடும். போன வருஷம் தலைநகரத்துலேர்ந்து கடிதாசு வந்திருக்கு, அதிகாரிங்க படத்துக்கு முன்னாடி யாரும் வணங்கக் கூடாது, தனிமனித வழிபாடுன்னு."

"அப்ப இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் பாத்தா, பின்பக்கம் அந்தச் சுவருக்குப் போகும். அது மெக்கா இருக்கற திசை."

"அந்தப் பக்கம் பாத்தா?"

எர்லான் எதிர்ச்சுவரைக் காட்டினான். அந்தப் பக்கம் பார்த்தால் பின்புறம் போவது சாதனையாளர் பலகைக்கு. பலகையில் முப்பத்தொரு மல்யுத்த வீரர்கள். பதினாலு பேர் இறந்துபோனவர்கள். நடு வரிசையில் மூன்றாவது படம், நிறையத் தலைமுடியோடு, தோலோன் அசானோவிச்.

"நாலு சுவரும் முடிஞ்சுதா?" என்றாள் உல்கான்.

"முடிஞ்சுது, எஜே."

"முத்திரை?"

"ஒரு தடவை முழுசா செஞ்சாத்தான் ஒரு முத்திரை. நீங்க எட்டு செஞ்சீங்க, அப்புறம் மூணு."

*

ஒன்பதாம் நாள் குழு அமைந்தது. பெயர், 'பயிற்சியின்போது குடிமக்கள் குனியும் திசையை ஒழுங்குபடுத்தும் குழு.' தலைவி நகராட்சியின் கிளாரா ஜுமாயெவ்னா. அவரோடு நான்கு உறுப்பினர்கள். தேநீர், எண்ணெயில் பொரித்த போர்சோக், உலர் திராட்சை, குறிப்பெடுக்க ஒரு ஆள். விஷயம் முடிவாகும்வரை கூடத்தில் யாரும் குனியக் கூடாது என்பது குழுவின் முதல் முடிவு. விழுந்த சாவியைக்கூட எர்லான்தான் காலால் தள்ளிக்கொண்டு போய் வெளியே குனிந்து எடுத்து வந்து கொடுப்பான்.

பணிமனையில் உல்கானைப் போல மஞ்சள் அட்டை வைத்திருந்த ஓட்டுநர்கள் மொத்தம் பதினொரு பெண்கள். பதினொரு அட்டையும் வெறுமையாகக் கிடந்தன.

உல்கானைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவளுடைய வண்டியின் கண்டக்டர் கனிஷாயும் துணைக்கு வந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாரும் இல்லை, அவளாகவே உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் முன்பக்கமாக் குனியறீங்க?" என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார். "பின்பக்கமா வளையலாமே. முகம் கூரையைப் பாக்கும். கூரையில யாரும் இல்ல."

"அப்படி வளைஞ்சா நான் நிமிர மாட்டேங்க."

"உக்காந்துக்கிட்டு?"

"உக்காந்தாலும் மடங்கித்தான் ஆகணும்."

"பெஞ்சுல குப்புறப் படுத்துக்கிட்டு?"

"அது நல்லதுன்னு டமீராவே சொன்னா. செய்யட்டுமா?"

உறுப்பினர்கள் கலந்து பேசினார்கள். குப்புறப் படுத்த பெண்ணைப் பார்த்தபடி ஒரு அதிகாரி உள்ளே வந்தால், மாளிகையில் விபத்து நடந்ததாக நினைக்க வாய்ப்பு உண்டு என்று பதிவானது.

"மேயர் படத்தைத் துணி போட்டு மூடிடலாமே, அரை மணி நேரம்?" என்றாள் கனிஷாய்.

கிளாரா ஜுமாயெவ்னா பேனாவைக் கீழே வைத்தார்.

"மூடறது செத்தவங்களுக்கு."

"சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சிட்டா?"

"அப்ப அவரு நமக்கு முதுகைக் காட்டுவாரு. நாம என்ன தப்பு செஞ்சோம்னு மக்கள் கேப்பாங்க."

இமாமை அழைத்திருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உடம்பைச் சரிபண்ணக் குனியறதுல என்ன குத்தம்? உருளைக்கிழங்கு தோண்டறவங்க எந்தத் திசையில குனியறாங்கன்னு நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, ஒரு போர்சோக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சமயத் தரப்பின் நிலை தெளிவாக இல்லை என்று குறிப்பில் ஏறியது.

கடைசியில் கிளாரா ஜுமாயெவ்னா எழுந்தார்.

"பாருங்க, உல்கான். நான் உங்க வலியைக் கேலி செய்யல. நானும் உழைக்கற பொண்ணுதான். முப்பது வருஷமா நான் எந்த மேலதிகாரி அறையிலேர்ந்தும் திரும்பி நடந்து வெளிய வந்தது கிடையாது. பின்பக்கமாவே நடந்து வருவேன். கதவுக் கைப்பிடி எங்க இருக்குன்னு என் முதுகுக்கே தெரியும். ஒன்பது மேயரைப் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் என் பின்னலைப் பாத்த ஞாபகம் இருக்காது. எனக்குத் தோள்வலி வந்துச்சா? வரல. ஏன்? மரியாதையும் ஒரு உடற்பயிற்சிதான்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"எனக்கு எப்ப முத்திரை கிடைக்கும்?" என்றாள் உல்கான்.

"அடுத்த கூட்டத்துல உங்க கேள்வியை எடுத்துக்கறோம்."

வெளியே வந்ததும் கனிஷாய் படியிலேயே நின்றுவிட்டாள்.

"எஜே, இவங்க ஒன்பது மாசம் பேசுவாங்க. உனக்கு முப்பத்தோரு நாள் இருக்கு."

"தெரியும்."

"என்ன செய்யப் போற?"

"குனியப் போறேன்."

*

நாலாம் நம்பர் வண்டி கடைசியில் திரும்பும் இடம் மாளிகைக்கு எதிரே இருக்கிற வட்டத் திடல். அங்கே பதினொரு நிமிடம் நிற்கும். அன்று மத்தியானம் உல்கான் வண்டியின் நிழலில் நின்று, பைக்குள்ளிருந்து இரண்டு டம்பெல்லை எடுத்து, இடுப்பை மடக்கினாள். எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம். கனிஷாய் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து எண்ணினாள்.

"பதினொண்ணு. தோள் காதுக்கு ஏறுது. பன்னெண்டு. அட, மூச்சை விடு எஜே, அதுக்கு யாரு அனுமதி கேக்கச் சொன்னா? பதிமூணு."

மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் ஓட்டுநர் வந்து சேர்ந்தாள். அவளிடம் டம்பெல் இல்லை. மக்சிம் என்கிற தானியப் பானம் இரண்டு பாட்டில், குடிக்க வாங்கியது, மூடியை இறுக்கிக்கொண்டாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் செங்கல்லோடு. டமீரா ஒருநாள் மத்தியான இடைவேளையில் நாலாம் நம்பரில் வந்து இறங்கி, வரிசையில் நடந்து ஒவ்வொருத்தி முதுகையும் தட்டினாள். "வீசாதீங்க. இழுங்க. இங்க எரியுதா? இங்கதான் எரியணும்."

"எரியுது, எரியுது. இருபத்து மூணு வருஷத் தூக்கம் கலைஞ்சா கோவம் வராதா?" என்றாள் உல்கான் தலைகீழாகவே.

பதினொருவரும் வந்துவிட்டார்கள். தின்பண்டம் விற்கிறவர்கள் அவரவர் எடைக்கல்லை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்கள். மத்தியானம் ஒன்றே காலுக்கு வட்டத் திடலில் இருபது பெண்கள் குனிந்திருப்பார்கள்.

இதற்கிடையில் மேயர் மாறினார். பழைய படத்தைக் கழற்றிவிட்டார்கள். புதியது வர நாலு நாள் ஆகும். எர்லான் ஓடி வந்து சொன்னான்: "எஜே, சுவர் காலி! இப்ப வந்தா ஒரு முத்திரையாவது போட்டுடலாம்!" உல்கான் மனசுக்குள் ஒரு ஆசை. போனாள். சுவரில் ஒன்றும் இல்லை, ஒரு ஆணியைத் தவிர. குனிந்தாள்.

"நிமிருங்க!" தோலோன் அசானோவிச் வாசலில் நின்றார்.

"யாரும் இல்லையே, தோலோன் அசானோவிச்."

"ஆணி இருக்கே."

"ஆணிக்கும் மரியாதையா?"

"ஆள் வருவான், போவான். ஆணிதான் பதவி."

அதற்கப்புறம் உல்கான் மாளிகைக்குள் போகவே இல்லை.

மாளிகைதான் அவளைத் தேடி வந்தது. முப்பத்தி ஆறாம் நாள் மத்தியானம், தூண்களுக்கு நடுவிலிருந்து குழு முழுவதும் இறங்கி, சாலையைத் தாண்டி, திடலுக்கு வந்தது. இருபது பெண்கள் மலையைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் மாளிகை.

"இது என்ன கூத்து?" என்றார் கிளாரா ஜுமாயெவ்னா. "இத்தனை பேரும் அரசுக் கட்டடத்துக்குப் பின்பக்கம் காட்டறீங்களா?"

"அஞ்சு," என்றாள் கனிஷாய்.

"நான் கேக்கறேன்!"

"எண்ணிட்டிருக்கேன், கிளாரா ஜுமாயெவ்னா. தப்பாப் போயிட்டா திரும்ப ஒண்ணுலேர்ந்து. ஆறு."

தாம் நிற்கிற இடம் அப்போதுதான் குழுவுக்கு உறைத்தது. இருபது பின்புறங்களும் நேரே அவர்களை நோக்கி இருந்தன. குழு அவசரமாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது. போனதும் அந்த இருபது பேரும் தங்களைத்தான் வணங்குகிறார்கள் என்று ஆகிவிட்டது. ஒரு உறுப்பினர் தலைநகரக் கடிதத்தை நினைவுபடுத்தினார். குழு வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே நின்றால் குழுவின் முதுகு மெக்காவுக்கு. இடப்பக்கம் ஓடினார்கள், அங்கே புதிய மேயரின் பெரிய விளம்பரப் படம் நின்றது, அதை மறைக்கக் கூடாது. தோலோன் அசானோவிச் முன்னால், குறிப்பெடுக்கிற ஆள் கடைசியில், குழு அந்தப் பெண்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிற்க ஒரு இடம் கிடைக்கவில்லை.

"பதினாலு. பதினஞ்சு. இறக்குங்க," என்றாள் கனிஷாய். "நீங்களும் மூச்சு வாங்கிக்கோங்க, குழுத் தலைவி. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

*

மறுநாள் தோலோன் அசானோவிச் தனியாக நாலாம் நம்பர் வண்டியில் ஏறினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ஓட்டுநர் அறையின் கதவருகே வந்து நின்று, உள்பையிலிருந்து முத்திரையை எடுத்தார். வட்டமான, மரப்பிடி வைத்த முத்திரை. அதற்கு மையும் கொண்டு வந்திருந்தார்.

"உல்கான், நாம ஊர்க்காரங்க. சண்டை எதுக்கு? பன்னெண்டு கட்டத்துலயும் இப்பவே குத்தறேன். மத்தவங்களுக்கும் குத்தறேன். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

உல்கான் தாளை வாங்கிப் படித்தாள். கனிஷாய் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தாளில் இப்படி இருந்தது: 'மாளிகையில், அங்கீகரிக்கப்பட்ட திசையில், குழுவின் நேரடி வழிகாட்டுதலில் பன்னிரண்டு முறை பயிற்சி செய்து நான் குணமடைந்தேன். தெருவில் குனிந்தது என் தவறு.'

"அங்கீகரிச்ச திசை எது?" என்றாள் உல்கான்.

"அதை அடுத்த வருஷம் முடிவு பண்ணுவோம். நீங்க ஏற்கெனவே அதுலதான் செஞ்சீங்கன்னு இப்ப எழுதிக்கலாம்."

"உங்களுக்கு எதுக்கு இது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "குழு எத்தனை பேரைக் குணப்படுத்துச்சுன்னு புது மேயர் கேட்டிருக்காரு. எங்கிட்ட இருக்கறது பூஜ்யம். உங்ககிட்ட இருக்கறது பதினொரு தோளு."

அவர் போன பிறகு கனிஷாய் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாள் உல்கானிடம்தான் இருந்தது. நாளைக் காலைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுப் போயிருந்தார்.

"போட்டுடு, எஜே."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். ஒரு கையெழுத்து. உன் வண்டி உங்கிட்ட இருக்கும். இல்லேன்னா கழுவற கொட்டகை. அங்க ஜனவரியில தண்ணி தரையிலேயே உறைஞ்சு போகும், தெரியும்ல? எனக்கும் ஒரு புது ஓட்டுநர் வருவா. அவ எங்கூடப் பேசுவாளோ மாட்டாளோ."

"முதல் வரி பொய். அதைக்கூட விழுங்கிடுவேன். எத்தனையோ பொய்யில கையெழுத்துப் போட்டிருக்கேன், கனிஷாய். தேர்தல்ல போட்டிருக்கேன். தணிக்கையில போட்டிருக்கேன். ஆனா அந்தக் கடைசி வரி இருக்கே. இந்தக் கை முப்பது நாளா எரிஞ்சு எரிஞ்சு எழுந்து நிக்குது. அதை வெச்சே, எழுந்தது தப்புன்னு எழுதச் சொல்றாங்க."

"அப்ப என்ன?"

"தாளோட பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. கடையில வாங்க வேண்டியதை எழுதிக்கோ."

பதினொரு பேரில் இரண்டு பேர் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள், இன்னொருத்திக்கு ஓய்வு பெற ஐந்து மாதம். உல்கான் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

*

நாற்பதாம் நாள் காலை ஐந்தரைக்குப் பணிமனையில் வாரியம் கூடியது. முதல் வண்டி ஆறு பத்துக்குக் கிளம்ப வேண்டும். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், கனத்த மனிதர், முன்னால் தேநீர். முதல் பெயர் உல்கானுடையது.

"அட்டை."

கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலி."

"ஆமா. கை காலியில்ல. அதைப் பாருங்க."

"கை எங்க பொறுப்புல வராது. அட்டையில முத்திரை இல்லேன்னா, தோள் குணமாகலைன்னு அர்த்தம்."

"குணமாயிடுச்சே."

"எங்க வெச்சு?"

"திடல்ல."

"அப்ப அது வேற. குணமாயிருந்தாலும் அது பதிவாகாத குணம். நாளைக்கு அந்தக் கை கயித்தை இழுத்தா, இழுத்தது யாருன்னு நான் மேல பதில் சொல்லணும்."

உல்கான் அட்டையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வந்து, முற்றத்தில் நின்ற தன் வண்டியின் பின்பக்கம் போனாள். ஜன்னல் வழியாக மூன்று பேரும் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்தாள். வலது கொம்பைக் கம்பியிலிருந்து இறக்கினாள். இடது கொம்பையும் இறக்கினாள். இரண்டும் தொங்கின. பிறகு தோளை இறக்கி, முழங்கையை லேசாக வளைத்து, பின்னுக்கு இழுத்து, ஒன்றை ஏற்றினாள். மற்றதை ஏற்றினாள். பொறி ஒன்று பறந்தது. வண்டிக்குள் விளக்குகள் எரிந்தன.

திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

"எழுதுங்க," என்றாள்.

"என்னன்னு எழுதறது? பாத்தோம்னா? பாக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரமே இல்லையே." தலைவர் பேனாவை எடுத்தார். "கழுவும் பிரிவு. அடுத்தது!"

அடுத்தவள் ஏழாம் நம்பர் ஓட்டுநர். அட்டையை வைத்தாள். காலி.

"அடுத்தது!"

காலி. அதற்கடுத்ததும். ஒருத்தி, "எனக்கும் கழுவற பிரிவுதானே? கொட்டகையில இடம் இருக்கா, இல்ல வெளிய நிக்கணுமா?" என்று கேட்டாள். இன்னொருத்தி அட்டையை வைக்கும்போது தலைவரின் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள், இடம் போதவில்லை. ஒன்பது மஞ்சள் அட்டைகள் சேர்ந்துவிட்டன. முத்திரை குத்திய இரண்டும் தனியாகக் கிடந்தன.

தலைவர் எண்ணினார். வாரியத்தின் மற்ற இரண்டு பேரும் எண்ணினார்கள். பிறகு மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து ஐம்பத்து எட்டு. காலை முறைக்குப் பதினொரு வண்டி, இரண்டு ஓட்டுநர். வாசலில் நாலாம் நம்பருக்குக் காத்திருந்தவர்கள் இரும்புக் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"நீங்க ஒன்பது பேரும் கூடிப் பேசிட்டு வந்தீங்களா?" என்றார் தலைவர்.

உல்கான் திரும்பி மற்ற எட்டுப் பேரைப் பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது.

"பேசல," என்றாள் ஏழாம் நம்பர். "பேசற நேரத்துல குனிஞ்சோம்."

வாரியம் தனியாக ஆலோசித்தது. ஆலோசனை ஆறு ஐந்து வரை நடந்தது. ஒன்பது அட்டைகளிலும் தலைவர் தன் கையால் ஒரே வரியை எழுதினார்: 'குனியும் திசை குறித்த குழுவின் முடிவு வரும்வரை, இந்தத் தோள் தற்காலிகமாகக் குணமடைந்ததாகக் கருதப்படுகிறது.'

"திருப்தியா?"

"இது என்ன தற்காலிகம்? எத்தனை நாளைக்கு?"

"அதுக்கு நாங்க பொறுப்பில்ல. குழுவைக் கேளுங்க."

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. துணைக்குழுக்கள் இரண்டு வந்திருக்கின்றன, ஒன்று வடக்கைப் பார்க்கிறது, ஒன்று தெற்கை. கிளாரா ஜுமாயெவ்னா பதினோராவது மேயரைப் பார்த்துவிட்டார். முடிவு வரவில்லை.

போன வியாழக்கிழமை சந்தைத் திருப்பத்தில் நாலாம் நம்பரின் கொம்பு நழுவியது. வண்டி நிறைந்த கூட்டம், எல்லோர் மடியிலும் மூட்டை. உல்கான் இறங்கிப் பின்பக்கம் போனாள்.

"சீக்கிரம், எஜே! பாலு திரிஞ்சு போகும்!" என்று ஒரு பெண் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

உல்கான் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பொறு, தாயி. இது தற்காலிகக் கை," என்று சொல்லி இழுத்தாள்.